சுபாவத்துக்கு ஏற்ற யந்திரம்

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களுள் ஒரு சாரார், சுட்டபின் தரையில் உருளும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி எடுத்துவந்து, வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, அவற்றுக்கு மறுபடியும் தீப்பொறி தரும் பிரைமரும் வெடிமருந்தும் குண்டும் வைத்துப் புதுத் தோட்டாவாக்கிக்கொள்கிறார்கள். தோட்டாவின் நான்கு அங்கங்களில் மீண்டும் பயன்படுவது அந்தப் பித்தளைக் கூடு ஒன்றே ஆகையால், சிக்கனம்தான் காரணம் என்பார்கள். மிச்சப்பட்ட காசெல்லாம் அதிகமாய்ச் சுடுவதிலேயே கரைந்துவிடுகிறது என்பதையும் அவர்களே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார்கள்.

இதற்கு வேண்டிய பிரஸ், அதாவது நெம்புகோலால் அழுத்தும் யந்திரம், எது என்ற கேள்விக்கு, மணிக்கு எத்தனை தோட்டா என்ற கணக்கையே பலரும் பதிலாகச் சொல்வதுண்டு. எனக்கோ, வாங்குகிறவருடைய கவனம் எப்படிப்பட்டது என்பதே முதல் விசாரணையாக இருக்கவேண்டும் என்று தோன்றுகிறது.

பிரெட் ஹண்டிங்டன் 1943-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஆர்.ஸி.பி.எஸ். கம்பெனியின் ‘ராக் சக்கர்’ போன்ற ஒற்றை நிலை பிரஸ், கனத்த வார்ப்பிரும்பு வளையம். அதில் ஒரு சமயத்தில், கூட்டை அமுக்கி உருவாக்கும் அச்சாகிய டை ஒன்றுதான் பொருந்தும். ஐம்பது கூடுகளுக்கும் பழைய பிரைமரைத் தள்ளி, விரிந்த உடலைச் சுருக்கி, பிறகு டையை மாற்றி, அடுத்த காரியத்தை மறுபடியும் ஐம்பதுக்கும் செய்து, மருந்து நிரப்பிய கூடுகளை மரப்பலகையின் குழிகளில் வரிசையாக நிறுத்தி, குண்டு வைப்பதற்கு முன் விளக்கைத் தாழப் பிடித்து எல்லாவற்றின் உட்புறத்தையும் ஒருமுறை பார்த்துவிடும்போது, ஒன்றில் மட்டும் மருந்து இரட்டிப்பாக விழுந்திருந்தால் அது உடனே கண்ணில் படும். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் மனம் எங்கோ அலைகிற சுபாவமுள்ளவரை அந்த அலுப்பே காப்பாற்றுகிறது.

பல டைகளைச் சுழலும் தலையில் பொருத்தி வைக்கிற டரட் பிரஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டையைக் கழற்றி மாட்டும் தொல்லை போகும், வேலையின் கிரமம் உங்கள் கையிலேயே இருக்கும்.

நெம்புகோலை இழுக்குந்தோறும் ஒரு முழுத் தோட்டா விழுகிற புரோகிரசிவ் யந்திரம் உழைப்பைக் குறைக்கிறது என்பது உண்மை. கவனத்தைக் குறைக்கிறது என்று நினைப்பதுதான் பிசகு. நாலு அடுப்பையும் ஒரே சமயத்தில் மூட்டிவிட்ட கல்யாணச் சமையற்காரரைப் போல, எல்லா நிலைகளிலும் ஒருங்கே கண் இருக்கவேண்டும். டில்லன் கம்பெனியின் 550 மாதிரியில் கூடுகள் நிற்கும் தட்டை நாமே கையால் திருப்பவேண்டும். யாராவது கூப்பிட்டுத் திரும்பியவர், தட்டைத் திருப்ப மறந்து மீண்டும் இழுத்தால், ஒரே கூட்டில் மருந்து இருமுறை விழும், துப்பாக்கியே வெடித்துச் சிதறவும் கூடும். 650 மாதிரியில் தட்டு தானே திரும்புகிறது. ஐந்தாவது நிலை ஒன்றும் உண்டாகையால், மருந்தின் அளவைச் சோதிக்கும் கருவியை வைக்கவும் இடமிருக்கிறது. எனினும் நடுவில் ஏதாவது சிக்கிக்கொண்டு அதைச் சரிசெய்கிற வேளையில் அபாயம் இரண்டுக்கும் பொதுவே. மறதிக்காரர் முதலாவதை ஒதுக்கவேண்டும். யந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடுகிறவர் இரண்டாவதை ஒதுக்கவேண்டும்.

உடலின் சௌகரியமும் அற்ப விஷயமன்று. நின்று செய்பவருக்கு வேண்டிய மேஜை உயரம் வேறு, உட்கார்ந்து செய்பவருக்கு வேறு. இடதுகைக்காரருக்கு, நெம்புகோல் உச்சியில் நடுவாக அமைந்த பார்ஸ்டர் கம்பெனியின் பிரஸ் பெரிய உபகாரம்.

என்னைக் கேட்டால், ஆண்டில் சில நாள் வேட்டைக்குப் போகிறவர் ஒற்றை நிலையோடு நின்றுகொள்ளலாம். வாரந்தோறும் நூற்றுக்கணக்கில் கைத்துப்பாக்கி சுடுகிறவர் புரோகிரசிவ் வாங்கினாலும் பழையதை விற்றுவிடக்கூடாது, புது மருந்தளவைச் சோதிக்க அதுவே வசதி. பெரும்பாலான டைகளின் மரை ஒரே அளவானபடியால் அவையும் வீணாவதில்லை. ஒற்றை நிலை பிரஸ்ஸைப் பழையதாகவே வாங்கலாம். அந்த வார்ப்பிரும்பில் கெட்டுப்போக அதிகமில்லை, மேலும் கீழும் ஓடுகிற தண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று மட்டும் கையால் அசைத்துப் பார்த்துக்கொண்டால் போதும்.