ரதியும் அடையாள அட்டையும்

மாசி பிறந்தால் நம் மலையகத் தோட்டங்களிலே காமன் கூத்து களைகட்டிவிடும். ரதி வேடம் புனைபவர் பெரும்பாலும் ஆண்மகனே. ஆயினும் அவர் லயத்து வாசலுக்கு வந்தால் தாய்மார் தெய்வமே வந்ததாகக் கைகூப்புவர். கூத்து முடிந்த மறுநாள், உள்ளத்தாலேயே பெண்ணான திருநங்கை ஒருவர் பிரட்டுக்களத்துக்கு வந்தாலோ, ஊர் தருவது பட்டப்பெயரும் ஏளனச் சிரிப்புமே.

சட்டமும் இருமுகம் காட்டுகிறது. 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 399 ஆம் பிரிவு, ஆள்மாறாட்டஞ் செய்து வஞ்சிப்போருக்கென எழுதப்பட்டது. சேலையுடுத்திய திருநங்கையர் மீதும் பொலிசார் அதனைப் பிரயோகித்ததுண்டு. மேடையிலே கலை, வீதியிலே குற்றம்! மறுபுறம், 2016 இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மனநல வைத்தியரின் பரிசோதனைக்குப் பின் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். அதனைக் காட்டிப் பிறப்புப் பதிவைத் திருத்திக்கொள்ளலாம். பின்னர் அடையாள அட்டையையும் மாற்றலாம்.

வெறுங் கடதாசிதானே என்று பிறர் சொல்லக்கூடும், நாம் சொல்லலாகாது. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோர் நம் பாட்டன்மார் அன்றோ! அக்குறை முற்றாகத் தீர 2003 வரை காத்திருந்தோம்.

மீரியபெத்தப் பக்கத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாட்பேர் இழக்கவேண்டும். பஸ்ஸிலே நிற்பவர் பலர் இருந்தும், அவருக்கு அடுத்த ஆசனம் பல வேளைகளில் பதுளை வரை வெறுமையாகவே கிடக்கும்.