அன்று "உட்காரு" என்றேன்



போன வாரம் வீட்டு விசேஷத்தில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது என் அக்கா மகன் சொன்னான்: "மாமா, வல்லரசுன்னா அடுத்த நாட்டுக்குள்ள புகுந்துதான் தன் நலனைக் காப்பாத்தணும். நியாயத்தை விடுங்க, லாபம் இருக்குல்ல?"

சரி, லாபத்தையே பார்ப்போம். சூயஸ் கதை ஞாபகம் இருக்கிறதா?

1956 ஜூலை 26 அன்று நாசர் கால்வாய்க் கம்பெனியை நாட்டுடைமை ஆக்கினார். பங்குதாரர்களுக்கு இழப்பீடு தருவதாகவும் சொன்னார். எகிப்தியரால் கால்வாயை நடத்த முடியாது என்பது லண்டன், பாரிஸ்காரர்களின் எண்ணம். செப்டம்பரில் கப்பல்களை வழிநடத்திய வெளிநாட்டு பைலட்டுகள் பெரும்பாலோர் வேலையை விட்டுப் போனார்கள். கப்பல் போக்குவரத்து நிற்கவில்லை! விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அக்டோபர் 24 அன்று பாரிஸ் அருகே செவ்ரில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் ரகசிய ஒப்பந்தம் போட்டன. 29ஆம் தேதி இஸ்ரேல் சினாயில் நுழைந்தது. மற்ற இருவரும் சமாதானம் செய்பவர்கள்போல வந்து குண்டு வீசினார்கள். நவம்பர் 5, 6 தேதிகளில் போர்ட் சயித்தில் படை இறங்கியது. அதற்குள் எகிப்து கால்வாயில் கப்பல்களை மூழ்கடித்து வழியை அடைத்துவிட்டது. பவுண்டு ஆட்டம் கண்டது. படை திரும்பாமல் உதவி கிடையாது என்றது அமெரிக்கா. டிசம்பரில் பிரிட்டன் மக்கள் பெட்ரோலுக்கு ரேஷன் அட்டையோடு நின்றார்கள், படையும் ஊர் திரும்பியது. ஜனவரியில் பிரதமர் ஈடன் பதவி விலகினார். நாசர் அசையவில்லை.

அமெரிக்கா காலை வாராவிட்டால் ஜெயித்திருப்பார்கள் என்பார் உண்டு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அதே கால்வாய்க் கரையில் பிரிட்டன் சுமார் 80,000 வீரர்களை வைத்திருந்தது. உள்ளூர்க்காரரின் எதிர்ப்பில் அங்கே நிம்மதியாக இருக்க முடியாமல்தான் 1954இல் வெளியேற ஒப்பந்தம் போட்டது. கடைசி வீரன் கிளம்பியது 1956 ஜூனில். ஐந்தே மாதத்தில் திரும்பி வந்து எத்தனை வருடம் உட்கார்ந்திருப்பார்கள்?

இந்தப் பாடத்தை நான் நடத்தியபோது கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், கால்வாய் மூடிடக் கூடாதுன்னுதானே போனாங்க? போனதாலதானே மூடுச்சு?" மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. "பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன்.

தம்பி, நீ இதைப் படிக்கிறாயா தெரியவில்லை. நீ கேட்டது சரி. 1957 ஏப்ரலில் கால்வாய் மறுபடி திறந்தது, எகிப்தின் கையில்.