குளிரில் எழுந்த அடுப்பு

ஒன்றை ‘ஆகாது’ என்று விலக்குவதற்கு ஒரு சொல் போதும். அதற்கு ஈடாக ஆகுமான ஒன்றை அமைத்துக் கொடுப்பதற்கோ பொருள் வேண்டும், நாள் வேண்டும், உடலுழைப்பு வேண்டும், இவற்றுக்கெல்லாம் மேலாகப் பொறுமை வேண்டும். அயல்நாடுகளில் குடியேறி அங்கே மக்களைப் பெற்று வளர்க்கும் நம்மவர் பலர் முதலாவதைச் செவ்வனே செய்து வருகின்றனர். இரண்டாவதன் பக்கம் திரும்பிப் பார்க்க அவர்களுக்கு நேரம் வாய்ப்பதில்லை. ஆனால், பிள்ளைகளின் உள்ளத்தில் மார்க்கம் ஒரு சுவராக நிற்குமா, ஒரு வீடாக நிற்குமா என்பதை இந்த இரண்டாவதே முடிவு செய்கிறது.

நாம் வாழ்வது கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில். பெருநகராகிய டொராண்டோவில் ஹலால் உணவுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. நம் ஊரிலோ அத்தகைய கடை ஒன்றுகூட இல்லை. பள்ளிச் சிறுவர் கூடும் விருந்துகளில் எல்லாம் பீட்சாவே தலைமை உணவு. அதன்மேல் பரப்பும் பெப்பரோனி என்னும் இறைச்சித் துண்டுகள் பெரும்பாலும் பன்றி இறைச்சி கலந்தவை. காய்கறி மட்டும் பரப்பியதை வாங்கலாமே என்றால், அதுவும் அதே அடுப்புத் தரையில் வெந்து, அதே துடுப்பால் எடுக்கப்பட்டு, அதே கத்தியால் வெட்டப்படுவது. பாலை உறையவைத்துப் பாலாடைக்கட்டி ஆக்கும் பொருளும் சில வேளை கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே பன்னிரண்டு வயதான நம் மகன் இத்தகைய விருந்துகளில் பழச்சாற்றை மட்டும் பருகிவிட்டுப் பசியோடு வீடு திரும்புவான். முறையிட்டதில்லை, அடம் பிடித்ததுமில்லை. 2024 செப்டம்பரில் ஒருநாள் மட்டும், “வாப்பா, நமக்கு எதுவுமே கூடாதா?” என்று மெல்லக் கேட்டான். அவ்வினாவுக்கு வாயால் சொல்லும் விடை போதாது என்று நமக்குத் தோன்றிற்று. வீட்டின் பின்புறத்தில் செங்கல்லால் ஓர் அடுப்புக் கட்டுவது என்று முடிவு செய்தோம்.

சமையலறையில் மின்னடுப்பு இருக்கையில் செங்கல் அடுப்பு எதற்கு என்று கேட்கலாம். வீட்டு மின்னடுப்பு ஏறத்தாழ 260 முதல் 290 டிகிரி செல்சியசோடு நின்றுவிடும். நாப்போலி நகரத்து மரபுப்படி பீட்சா சுடும் அடுப்பின் தரையோ 430 டிகிரியை எட்டும். அவ்வெம்மையில் 60 முதல் 90 விநாடிக்குள் மாவு பொங்கி, விளிம்பு புள்ளி புள்ளியாகக் கருகி, உள்ளே மென்மை மாறாமல் வெந்துவிடும். நம் வீட்டு விருந்துகளில் பிரியாணிக்குத் தம் போடும்போது மூடியின்மேல் தணலை அள்ளி வைக்கிறோம் அன்றோ? கீழிருந்தும் மேலிருந்தும் வெப்பம் ஒருங்கே உணவைச் சேர வேண்டும் என்பதே அதன் நுட்பம். வளைந்த கூரையுடைய செங்கல் அடுப்பும் அதையே செய்கிறது. தரை அடியிலிருந்து சுடுகிறது. கூரை மேலிருந்து வெப்பத்தை வீசுகிறது. இரண்டுக்கும் இடையே அனல் சுழன்றோடுகிறது.

இவ்வடுப்பு உலகுக்குப் புதியதும் அன்று. நமக்கு அயலானதும் அன்று. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரை அகழ்ந்தபோது, இதே வடிவில் கட்டிய ரொட்டி அடுப்புகள் இடிபாடுகளிடையே வெளிப்பட்டன. நாப்போலியின் பீட்சாக் கலையை 2017-இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. இலங்கையில் ரொட்டி சுடும் அடுப்பைப் போறணை என்பர். போர்த்துக்கீசியர் ‘ஃபோர்னோ’ என்றது அங்கே அவ்வாறு தமிழாயிற்று. திருமறையிலோ நூஹ் நபி (அலை) அவர்களின் வரலாற்றைக் கூறும் ஹூது, முஃமினூன் ஆகிய இரு அத்தியாயங்களிலும் ‘தன்னூர்’ என்னும் சொல் வருகிறது. அடுப்பு என்றே விரிவுரையாளர் பலர் அதற்குப் பொருள் கொள்வர். வடநாட்டார் தந்தூர் என்பதும் அச்சொல்லே.

மதில் கடந்து வந்து நமக்குத் துணைநின்றவர் பக்கத்து வீட்டு முதியவர். இளமையில் தென்னித்தாலியிலிருந்து குடியேறிக் கொத்து வேலையில் ஆயுளைக் கழித்தவர். “வசந்தம் வரட்டும். குளிரில் சுண்ணமும் சிமெண்டும் மனிதன் சொல்லைக் கேட்பதில்லை” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. ஆயினும் 2025-ஆம் ஆண்டின் ரமலான் மார்ச்சு முதல் நாளை ஒட்டித் தொடங்கவிருந்தது. வசந்தத்துக்குக் காத்திருந்தால் நோன்பும் பெருநாளும் கடந்துவிடும். மகனின் வினா இன்னும் ஓராண்டு விடையின்றி நிற்கும். நம் கருத்தை அறிந்ததும் முதியவர் மறுமொழி கூறவில்லை. மறுநாள் தம் பழைய கரண்டியோடும் மட்டப்பலகையோடும் வந்து நின்றார்.

குளிர்நாட்டில் முதற்பகை நிலத்துக்கு உள்ளேயே இருக்கிறது. நீர் உறைந்தால் ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கும். ஈரமண் உறையும்போது மேலிருக்கும் சுவரையும் தளத்தையும் தூக்கிவிடும்; உருகும்போது கோணலாக இறக்கிவிடும். ஒன்டாரியோவின் தென்பகுதியில் சுமார் 4 அடி ஆழம்வரை இவ்வுறைவு இறங்கக்கூடும் எனக் கொண்டே அடித்தளம் இடுவர். நாம் மண்ணை அகழ்ந்து, நீர் தங்காது வடியும்படி உடைகல்லைக் கெட்டித்து, அதன்மேல் கம்பியிட்ட தளத்தை வார்த்தோம். அதன்மேல் இடுப்பளவு உயரத்துக்குக் கட்டைச் சுவர். அதன்மேல் வெர்மிகுலைட் என்னும் இலேசான கனிமத்தைச் சிமெண்டோடு கலந்து பரப்பிய வெப்பத்தடை. இத்தடை இல்லையேல் அடுப்பின் சூடு முழுவதும் அடித்தளத்துக்கே இரையாகும். அதற்கும் மேலேதான் நெருப்பைத் தாங்கும் சூளைக்கற்களால் ஆன தரை. அக்கற்களைச் சாந்து இன்றி மெல்லிய மணலில் பதித்தோம். சூடேறும்போது விரிந்து கொள்ள அவற்றுக்கு இடம் வேண்டும்.

இரண்டாம் பகை சாந்துக்குள் இருந்தது. சிமெண்டு காய்வதால் இறுகுகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது நீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. குளிர் 5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அவ்வினை மிகத் தளர்ந்துவிடும். இறுகுமுன் உள்ளிருக்கும் நீர் உறைந்துவிட்டாலோ, பின்னர் எத்தனை வெயில் அடித்தாலும் அச்சாந்துக்குப் பழைய வலிமை வாராது. ஆதலின் மரச்சட்டம் நிறுத்தித் தார்ப்பாயால் ஒரு கூடாரம் அமைத்து, உள்ளே மின்சாரக் கணப்பை வைத்தோம். கரியையோ எரிவாயுவையோ மூடிய கூடாரத்துள் எரித்தால் கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயு உயிரைக் குடித்துவிடும்; அதை முதியவர் முதல் நாளே எச்சரித்திருந்தார். கற்களை முன்னிரவே வீட்டுக்குள் அடுக்கி வைப்போம். சாந்தை வெந்நீரில் குழைப்போம். மணல் 3 பங்கு; சிமெண்டு, சுண்ணம், சூளைக்களிமண் ஒவ்வொன்றும் ஒரு பங்கு. கடுவெப்பத்தில் சிமெண்டு தன் பிடியைத் தளர்த்திவிடும். அப்போது களிமண்ணும் சுண்ணமும் அவ்விடத்தைத் தாங்கிக் கொள்ளும் என்பதே இக்கலவையின் காரணம்.

வளைகூரை எழுப்பியதே இவ்வேலையில் இன்பமான பகுதி. தரையின் நடுமையத்தில் சுழலும்படி ஒரு கோலைப் பொருத்தினோம். ஒவ்வொரு கல்லையும் அக்கோலின் நுனியில் வைத்துப் பார்த்தே பதிக்க வேண்டும். எந்தக் கல்லும் மையத்திலிருந்து ஒரே தொலைவில் நின்றால்தான் இறுதியில் வளைவு தன்னைத் தானே தாங்கும். உள்விட்டம் 36 அங்குலம். கூரையின் உயரம் 18 அங்குலம். வாயின் உயரம் கூரையுயரத்தில் 63 விழுக்காடு, அதாவது 11 அங்குலத்துக்குச் சற்று மேல். வாய் அதனினும் உயர்ந்தால் சூடு வெளியேறிவிடும். தாழ்ந்தால் நெருப்பு மூச்சுத் திணறும். புகைபோக்கியைக் கூரை உச்சியில் வைக்காமல் வாய்க்கு முன்புறத்தில் வைத்தோம். அனல் கூரையைத் தழுவி வளைந்து வந்த பின்னரே புகை வெளியேற வேண்டும் என்பதற்காக. மகன் நாள்தோறும் பள்ளி விட்டு வந்ததும் கையுறை மாட்டிக்கொண்டு கோலைப் பிடித்து நிற்பான். கடைசிக் கல்லை அவனே உச்சியில் இறக்கினான். அது நவம்பர் நடு. அன்றிரவே வெண்பனி விழுந்தது.

அன்றைக்கே நெருப்பு மூட்ட வேண்டும் என்பது அவன் ஆவல். அப்போது அவனை அருகழைத்தவர் நம் உம்மா. “கண்ணு, புதுச்சட்டி வாங்கி வந்த அன்றைக்கே குழம்பு வைப்போமா? கழுநீர் ஊற்றி, வெயிலில் வைத்து, இளஞ்சூட்டில் பழக்கி அல்லவா அடுப்பேற்றுவோம்? பழக்காத சட்டி விரிந்துவிடும்” என்றார்கள். பொறியியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை உம்மா இரண்டு வரிகளில் சொல்லி முடித்தார்கள். கல்லிலும் சாந்திலும் ஒளிந்திருக்கும் நீர் திடீரென ஆவியானால் ஏறத்தாழ 1600 மடங்கு விரியும். வழி கிடைக்காவிடில் கூரையைப் பிளந்தே வெளியேறும். ஆகவே சனவரி இறுதிவரை கூடாரமும் கணப்பும் அப்படியே இருந்தன. அடுப்பின் வயிற்றில் ஒரு மின்விளக்கு இரவும் பகலும் எரிந்தது. பின்னர் பிப்ரவரியில் ஏழு நாள் ஏழு சிறு நெருப்பு: முதல் நாள் 150 டிகிரி, அதன்பின் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டினோம். வெளியே எல்லாம் உறைந்து கிடக்க, கூரையின்மேல் நீராவி இழையிழையாக எழுந்து செல்வதை வீட்டார் அனைவரும் சன்னல் வழியே பார்த்து நின்றோம். ஏழாம் நாள் புகைக்கரியால் கறுத்திருந்த உட்கூரை, வெப்பம் ஏறஏறக் கரி எரிந்துபோய்ச் செங்கல்லின் இயல்பு நிறத்துக்கு வெளுத்தது. கூரைக்கு வெப்பம் காக்கும் போர்வை போர்த்தினோம். வெளிப்பூச்சை மட்டும் வேனிலுக்கு ஒத்திவைத்தோம்.

முதல் நோன்பன்று மாலை 6 மணியை ஒட்டிக் கதிரவன் மறைந்தான். பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் முன்னே; மஃரிபு தொழுகை முடிந்ததும் அடுப்படி. ஹலால் கோழியும் வெங்காயமும் கொத்தமல்லித் தழையும் பரப்பிய பீட்சா ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. முதலாவதை மகன் தட்டில் ஏந்திப் பனியில் நடந்து சென்று முதியவர் வீட்டில் கொடுத்து வந்தான். குழம்பில் நீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாரைக் கவனிக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குப் போதித்ததை அவனுக்கு அன்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவனுடைய பள்ளித் தோழர் நால்வர் வந்திருந்தனர். விருந்துகளில் பழச்சாற்றோடு ஒதுங்கி அமர்ந்திருந்தவன், அன்று துடுப்பைக் கையில் ஏந்தி விருந்தளிப்பவனாக நின்றான். எஞ்சிய சூடும் வீணாவதில்லை. வாயை மூடி வைத்தால் ஸஹர் வேளையிலும் அடுப்பின் வயிறு ரொட்டி சுடுமளவு கனன்று கொண்டிருக்கிறது.

எல்லோரும் அடுப்புக் கட்ட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒரு வீட்டில் குறைவது அடுப்பாக இருக்கலாம். மற்றொரு வீட்டில் ஒரு நூலடுக்காக, விளையாட்டுத் தோழமையாக, பெற்றோர் உடனிருக்கும் ஒரு மாலைப் பொழுதாக இருக்கலாம். எதுவாயினும் அதை அமைக்கும் முறை ஒன்றே. பிள்ளைகளின் உள்ளமும் ஈரம் உலராத புதுக்கூரை போன்றது. ஒரே நாளில் பெருநெருப்பை மூட்டி அதைப் பக்குவப்படுத்த முயல்வோர் பிளவையே காண்பர். விலக்கியதன் இடத்தில் ஆகுமானதை அமைத்து, அதன் அருகில் அவர்களையும் கல்லெடுத்து வைக்கச் செய்து, இளஞ்சூட்டில் நாள்தோறும் பழக்கி வருவோமாக. அதற்குரிய பொருளையும் பொறுமையையும் வல்ல இறைவன் நம் இல்லங்கள் அனைத்துக்கும் அருள்வானாக. ஆமீன்.