வரைபவர் யார்?

விளையாட்டுக் காட்சி திரையிலே தடையின்றி ஓடவேண்டுமாயின், கணினி விநாடிக்கு 60 படங்களை வரைந்து தள்ளவேண்டும். முப்பதாயினும் கண் பொறுத்துக்கொள்ளும். பத்துக்கும் கீழே இறங்கிவிட்டால் வண்டி ஓடாது, தத்தும்.

கல்லூரியிற் பயிலும் என் தமக்கை மகன், தன் மேசைக் கணினியில் விண்டோஸை நீக்கி உபுண்டு என்னும் லினக்ஸை நிறுவினான். அன்று முதல் ‘சூப்பர்டக்ஸ்கார்ட்’ என்ற பந்தய விளையாட்டு விநாடிக்கு 7 படங்களோடு நொண்டலாயிற்று. முன்னர் அதே கணினியில் நன்கு ஓடிய விளையாட்டு அது. கடைக்காரர் ஒருவர் பெட்டியைத் திறந்தும் பாராமல், “கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள்” என்று தீர்ப்பளித்துவிட்டார். விலையோ 20,000 ரூபாய்க்கு மேல். வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக எஞ்சுவதில் குடும்பம் நடத்துபவர் என் அத்தான். மகன் முகம் வாடப் பொறாது, சீட்டுப் பணத்தை எடுக்கத் துணிந்தார். “ஒரு நாள் பொறுங்கள், அத்தான்” என்றேன்.

அட்டையைப் பழிக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: படத்தை வரைபவர் யார்? முனையத்தில் ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’ என்னும் கட்டளையை இட்டால், ‘ஓபன்ஜிஎல் ரெண்டரர்’ என்ற வரியில் அவர் பெயர் தெரியும். அங்கே என்விடியாவின் பெயர் இல்லை, ‘எல்எல்விஎம்பைப்’ என்றிருந்தது. அஃது எந்த அட்டையின் பெயருமன்று. அட்டையை இயக்க ஆளில்லாதபோது, மையச் செயலியே படத்தையும் வரைந்து சமாளிக்கும் மென்பொருள் ஏற்பாடு. சமையற்காரர் வராத நாளில் கணக்குப்பிள்ளை பந்திக்குச் சமைப்பது போன்றது. சோறு வரும், வேளைக்கு வராது.

இயக்கி மென்பொருளைத்தான் நிறுவியிருந்தானே, அது எங்கே போயிற்று? அவன் நிறுவிய வகை, கணினியிலேயே தொகுக்கப்பட்டுக் கெர்னலோடு சேர்வது. ‘செக்யூர் பூட்’ என்னும் காவல் இயங்கும் கணினியில், அறிந்த சாவியால் ஒப்பமிடப்படாத எதையும் கெர்னல் உள்ளே விடாது. ஆகவே உபுண்டு ஒரு சாவியை உண்டாக்கி, நம்மிடம் கடவுச்சொல் கேட்டுவைத்து, மறுமுறை கணினி எழும்போது நீலத் திரையொன்றைக் காட்டி அச்சாவியை உறுதிசெய்யச் சொல்லும். சில விநாடிகளே காத்திருக்கும். நாம் வாளாவிருந்தால் தன் வழியே போய்விடும்.

“நீலத் திரை ஏதேனும் கண்டாயா?” என்றேன். “வந்தது மாமா, தானே போய்விட்டது” என்றான்!

என்விடியா இயக்கி வட்டிலே கிடந்தது, கெர்னலில் ஏறவில்லை. அதை நிறுவியபோதே நூவோ என்னும் கட்டற்ற இயக்கியும் தடைசெய்யப்பட்டிருந்தது. இருவரும் இல்லாமலே திரையில் எழுத்தும் சாளரமும் ஒழுங்காகத் தெரிந்தமையால் எவருக்கும் ஐயம் எழவில்லை. ‘மோக்யூட்டில்’ கட்டளையால் சாவியை மீண்டும் பதிவுக்கு அனுப்பினோம். நீலத் திரையில் ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்து கடவுச்சொல்லை இட்டோம். படங்கள் அறுபதைத் தாண்டின. செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாம் என்பாரும் உளர். கதவு திறக்கவில்லையென்று பூட்டைக் கழற்றி எறிவதில் எனக்கு உடன்பாடில்லை.

நிற்க. ‘எல்எல்விஎம்பைப்’ என்று வாராமல் ‘இன்டெல்’ என்று வந்தால் கதை வேறு. மடிக்கணினிகள் பலவற்றில் வரைபவர் இருவர். மின்சாரத்தை மிச்சம்பிடிக்க, எளியவரே முதலில் வேலைக்கு வருவார். வலியவரை விளையாட்டுக்கென்று தனியே அழைக்கவேண்டும். நூவோவின் பெயர் வந்தாலும் கவனியுங்கள். 2016இல் வெளிவந்த பாஸ்கல் தலைமுறை அட்டைகளின் கடிகார வேகத்தை உயர்த்த அதனால் இயலாது. மேசைக் கணினியாயின், கட்டளை எதுவும் இடுமுன் குனிந்து பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள்: திரையின் கேபிள் அட்டையிற் செருகியிருக்கிறதா, தாய்ப்பலகையிலா என்று.