ஷவர் வாங்குமுன் தொட்டியின் உயரத்தை அளந்து பாருங்கள்

எங்கள் குளியலறையைச் சீரமைத்த விவரத்தை வீடு கட்டும் பிள்ளைகள் சிலர் கேட்டார்கள். எல்லாருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 86 வயது. தோளுக்கு மேல் கை எழும்பாததால் மக்கில் மொண்டு தலைக்கு ஊற்றிக்கொள்ள முடியவில்லை. இன்னொருவர் குளிப்பாட்டிவிடவும் சம்மதிக்கவில்லை. அவர் உட்கார்ந்தபடி தானே குளிக்க ஒரு ஹேண்ட் ஷவர், மற்றவர்களுக்குத் தலைக்கு மேலே ஒரு ஷவர், வாளிக்கு ஒரு குழாய். இந்த மூன்றில் வேண்டியதற்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவதுதான் டைவர்ட்டர். வயலில் மடை மாற்றுவது போல.

பிளம்பர் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவர். கம்பெனி, விலை எதுவும் பேசுமுன், "சார், டேங்க் எத்தனை அடி உயரத்துல இருக்கு?" என்றார். முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். அளந்தோம். தொட்டியின் அடிப்பாகம் குளியலறைத் தரையிலிருந்து 15 அடி. மேல் ஷவர் 7 அடியில். மிச்சம் 8 அடி. ஏறத்தாழ 33 அடி உயர நீர் தருவதே ஒரு பார் அழுத்தம். எங்களுக்குக் கிடைப்பது கால் பார். தொட்டி 500 லிட்டரா, 2000 லிட்டரா என்பது கணக்கில் வராது, உயரம்தான் கணக்கு. (வகுப்பில் தூங்கியவர்களுக்காக மறுபடி சொன்னேன்!)

கடையில் பளபளக்கும் அகல ஷவர்கள் பலவற்றுக்கு இந்த அழுத்தம் போதாது. சில டைவர்ட்டர்களில் மேலே தூக்கிய குமிழை நீரின் அழுத்தமே பிடித்து நிறுத்தும். அழுத்தம் குறைந்தால் குமிழ் இறங்கித் தண்ணீர் குழாய்க்கே திரும்பிவிடும். அதனால் கையால் திருப்பினால் அங்கேயே நிற்கும் வகையை எடுத்தோம். அம்மா ஹேண்ட் ஷவரை 3 அடி உயரத்தில் பிடிப்பார். அங்கே 12 அடி நீரின் அழுத்தம் இருப்பதால் அவருக்கு நன்றாகவே வருகிறது.

சுவருக்குள் பதிக்கும் கன்சீல்டு வகை அழகுதான். ஆனால் உள்ளே கசிந்தால் டைல்ஸை உடைக்க வேண்டும். எங்களுடையது போர்வெல் உப்புத் தண்ணீர். அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டிவரும். எனவே வெளியே தெரியும் வால் மிக்சர். சோப்புக் கையாலும் தள்ளக்கூடிய லீவர். அதையும் ஸ்டூலில் உட்கார்ந்தால் கைக்கு எட்டும்படி இரண்டரை அடி உயரத்தில் வைத்தோம். கீசரின் சூட்டையும் குறைத்தாயிற்று.

வேலையில் கவனிக்க வேண்டியவை:

1. இடப்பக்கம் வெந்நீர், வலப்பக்கம் பச்சைத் தண்ணீர். வால் மிக்சருக்கு இரண்டுக்கும் நடுவே 150 மி.மீ., ரசமட்டம் வைத்துப் பார்த்து.

2. கன்சீல்டுதான் வேண்டுமென்றால், டைல்ஸ் முகப்பு எங்கே வரவேண்டும் என்ற குறி அதன் உறையிலேயே இருக்கும். அதைக் கொத்தனாரிடமும் காட்டுங்கள்.

3. பூசுமுன் பைப் முனைகளை அடைத்து, அழுத்தம் ஏற்றிச் சோதியுங்கள். டேப்பை வைத்து அளவு தெரியும்படி போட்டோ எடுங்கள்.

4. மிக்சரை மாட்டுமுன் தண்ணீரைத் திறந்துவிட்டு மண்ணை வெளியேற்றுங்கள்.

அம்மா இப்போது கதவைச் சாத்திக்கொண்டு தானே குளிக்கிறார். "தாழ்ப்பாள் மட்டும் வேண்டாம்மா" என்று கெஞ்சிக் கேட்டிருக்கிறோம். நீங்கள் கடைக்குப் போகும்போது தொட்டியின் உயரத்தை எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் யாருக்குக் கை எட்டாது என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.