திரும்பிப் பார்த்த ஓட்டக்காரர்

ஓட்டப் பந்தயத்தை அரபியில் ‘ஸிபாக்’ என்பர். மதரஸாக்களில் அன்றாடம் ஓதும் பாடத்துக்கு ‘ஸபக்’ என்று பெயர். இரண்டுக்கும் வேர் ஒன்றே; முந்துதல் என்பது அதன் பொருள். மாணவர்க்கு இதைப் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்த நாம், அதன் உட்பொருளை ஒரு மாரத்தான் ஓட்டத்தைக் கண்ட பின்பே உணர்ந்தோம்.

2021 ஆகஸ்ட் 8, ஞாயிறு. டோக்கியோ ஒலிம்பிக்கின் ஆடவர் மாரத்தான், வெப்பத்துக்கு அஞ்சி வடக்கேயுள்ள ஸப்போரோ நகருக்கு மாற்றப்பட்டிருந்தது. நம் நேரப்படி அதிகாலை மூன்றரை மணிக்குத் தொடக்கம். தஹஜ்ஜுத் தொழுதுவிட்டு, கல்லூரியில் பயிலும் மகனோடு தொலைக்காட்சி முன் அமர்ந்தோம்.

“கிப்சோகேயின் காலம் முடிந்துவிட்டது, அத்தா. சென்ற அக்டோபரில் லண்டனில் எட்டாவதாகத்தானே வந்தார்? அங்கே வென்ற எத்தியோப்பியர் கிட்டாட்டாவுக்கே இன்றும் வெற்றி” என்றான் மகன்.

ஒரு தோல்வியைக் கொண்டு ஒருவரை எடை போடலாகாது என்றோம் நாம். முதலிடம் கிப்சோகேக்கு, அடுத்த இடங்களுள் ஒன்று அதே கென்யாவின் செரோனோவுக்கு. 2019இல் பாஸ்டன் ஓட்டத்தை இரண்டே வினாடியில் வென்றவர் அவர். இது நம் கணக்கு.

கிட்டாட்டா பாதியிலேயே விலகினார். பஜ்ருத் தொழுகையை முடித்து நாங்கள் திரும்பியபோது, கிப்சோகே தன்னந்தனியே முன்னே ஓடிக்கொண்டிருந்தார். 2 மணி 8 நிமிடம் 38 வினாடியில் அவர் தங்கம் வென்றார். நாம் சற்றே பெருமிதத்தோடு மகனைப் பார்த்தோம்.

ஆனால் நெஞ்சில் நின்றது அதுவன்று. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் போராடியவர்களில் இருவர், எங்கள் விவாதத்தில் பெயரே வராதவர்கள்: நெதர்லாந்தின் அப்தி நகீயே, பெல்ஜியத்தின் பஷீர் அப்தி. இருவரும் 1989இல் சோமாலியாவில் பிறந்தவர்கள், புகுந்த நாடுகளுக்காக ஓடுபவர்கள், பயிற்சித் தோழர்கள். எல்லைக்கோடு கண்ணில் படும் வேளையில் நகீயே திரும்பித் திரும்பிப் பார்த்து, ‘வா, வா’ என்று கையசைத்தார். தளர்ந்திருந்த தோழர் எழுச்சி பெற்றுச் செரோனோவைக் கடந்தார். நகீயேக்கு வெள்ளி, பஷீருக்கு வெண்கலம். செரோனோ இம்முறை இரண்டு வினாடியில் பதக்கத்தை இழந்தார்.

“மூன்றாமவருக்கு இது அநீதி அல்லவா, அத்தா?” என்றான் மகன்.

“அவர் யாரையும் தடுக்கவில்லை, தோழரைத் தூக்கிக்கொண்டு ஓடவுமில்லை. தம் இடத்தையே இழக்க நேரும் வேளையில் ஒரு முறை அழைத்தார். அவ்வளவே” என்றோம். சொன்ன வாய் பிறகு பேச மறுத்தது.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், இறுதித் தேர்வுக்கு முந்திய இரவில், உடன் ஓதிய தோழர் கிதாபோடு நம்மிடம் வந்தார். அரபு எண்ணுப்பெயர்ப் பாடம் அவருக்குப் பிடிபடவில்லை. நேரமில்லை என்றோம். தேர்வில் நாம் முதலாவதாக வந்தோம். அவர் தேறவில்லை, ஓதலை விட்டு ஊருக்குப் போய் மளிகைக் கடை வைத்தார்.

பொழுது விடிந்ததும் அவரைத் தொலைபேசியில் அழைத்து, அந்த இரவுக்காக மன்னிப்புக் கேட்டோம். சற்று நேரம் பேச்சில்லை.

“எந்தப் பாடம் என்று நினைவிருக்கிறதா?” என்றார்.

சொன்னோம்.

“எனக்கும் நினைவிருக்கிறது. இப்போது சொல்லித் தாருங்கள், ஹஜ்ரத்” என்றார்.