தலைகீழாய் நின்ற கால்

எங்கள் பூர்வீக வீட்டு மாடிப்படியின் கைப்பிடிக்கு அடியில் 21 கடைசல் கால்கள் நின்றிருந்தன. மொத்த வரிசையைக் கிராதி என்போம். தனித்தனியே சொல்ல வேண்டி வந்தால் கடைசல் கால் என்போம். ஆங்கிலத்தில் பாலஸ்டர் என்கிறார்கள். சென்ற ஆண்டு அவற்றில் 20 கால்களை விற்றுவிட்டோம். விலைபோகாமல் மீந்த ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை.

நாங்கள் மூவர்: அக்காள், தம்பி, நடுவில் பிறந்து கல்லூரியில் தமிழ் கற்பித்துக் காலம் தள்ளும் இவ்வரிகளின் ஆசிரியர். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பர்மாவில் லேவாதேவிக் கடையொன்றில் கணக்கெழுதிய பாட்டனார், ஊர் திரும்பிக் கட்டிய வீடு அது. செட்டியார் மாளிகைகளின் விரிவெல்லாம் அதற்கு இல்லை. ஆனால் மாடிப்படிக்கு மட்டும் பர்மாத் தேக்கில் கடைசல் பிடித்துப் போட்டிருந்தார். ஒவ்வொரு காலும் மேலே மெலிந்த கழுத்தும் கீழே பருத்த வயிறுமாக, படிக்கு ஒன்றாக நிற்கும்.

1987-இல் தம்பிக்கு மூன்று வயது. ஒருநாள் பகலில் இரண்டு கழுத்துகளுக்கு நடுவே தலையை நுழைத்துவிட்டான். நுழைந்த தலை திரும்பவில்லை, காதுகள் தடுத்தன. அம்மா நல்லெண்ணெய் தடவிப் பார்த்தார். அவன் திமிறத் திமிறக் கழுத்து சிவந்து வீங்கிற்று. கடைசியில் ஆசாரி வந்து ஒரு காலை அறுத்தெடுத்தார். வாள் இழுபட்ட அந்தச் சில நிமிடங்களும் அப்பாவின் உள்ளங்கை அறுப்புக்கும் பிள்ளையின் கன்னத்துக்கும் இடையில் இருந்தது.

அறுத்த இடத்தில் பொருத்த ஆசாரி பூவரசு மரத்தில் ஒன்றைக் கடைந்து கொண்டுவந்தார். பொருத்தி முடித்த பிறகுதான் கவனித்தோம், அது தலைகீழாக நின்றது. வயிறு மேலே, கழுத்து கீழே. கழற்றி மாட்டுகிறேன் என்றவரை அம்மா தடுத்துவிட்டார். "பிள்ளை தலை தப்புனதே போதும். அது எப்படி நின்னா என்ன?"

பாலஸ்டர் என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் காட்டு மாதுளையின் பூவைக் குறிக்கும் சொல் என்பதைப் பின்னாளில் படித்தறிந்தோம். அந்தப் பூவின் அடிப்புடைப்பைக் கண்டு இத்தாலியர் இட்ட பெயர். கிரேக்க, ரோமானியக் கட்டடங்களில் இவ்வடிவக் கிராதி வழங்கியதில்லை; 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில்தான் அது பரவலாயிற்று. கலை வரலாற்றாசிரியர் ருடால்ஃப் விட்கோவர் இதில் இரு வகைகளைப் பிரித்துக் காட்டுகிறார். இரண்டு குடங்களை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்ததுபோல் மேலும் கீழும் ஒத்திருப்பது ஒன்று. அடி பருத்த ஒற்றைக் குடம் மற்றொன்று. ரோமின் காம்பிதோலியோப் படிக்கட்டில் மைக்கேலேஞ்சலோ கையாண்டது இதைத்தான். முதல் வகையைத் தலைகீழாக்க முடியாது. இரண்டாம் வகைக்கே தலையும் காலும் உண்டு. எங்கள் பாட்டனார் தேர்ந்தது இரண்டாம் வகை. ஆசாரியின் பிழை பிழையாகத் தெரிந்ததும் அதனால்தான்.

இவ்வடிவம் நம் நாட்டில் அரியணையும் ஏறியிருக்கிறது. ஷாஜகான் காலத்து முகலாயர் ஐரோப்பியச் சித்திரங்களிலிருந்து இதை எடுத்துத் தூணாக்கினர் என்று எப்பா கோச் 1982-இல் வெளியான கட்டுரையில் விளக்குகிறார். தில்லிச் செங்கோட்டையின் பொது அவையில் பேரரசர் அமர்ந்த பளிங்கு மாடத்தை அத்தகைய தூண்கள் தாங்குகின்றன. கிராதி என்ற சொல்லோ போர்த்துக்கீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தது. பூவின் பெயர் கொண்ட ஒரு பொருள், கப்பலில் வந்த ஒரு சொல்லைச் சூடிக்கொண்டு எங்கள் மாடிப்படியில் நின்றிருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லி மாணவர்களை வியக்க வைத்ததுண்டு.

வியப்பு வேறு, வீடு வேறு. தம்பி மகளுக்கு இரண்டு வயது நிறைந்தபோது அவன் அளவுநாடாவுடன் படியில் உட்கார்ந்தான். வயிற்றருகே இடைவெளி நாலரை அங்குலம். கழுத்தருகே 6 அங்குலம். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் வீட்டுக் கட்டட விதிகளின்படி, கிராதியில் 4 அங்குல விட்டமுள்ள பந்து நுழையக் கூடாது. படிக்கட்டில் மட்டும் சிறிது தளர்வு உண்டு. அக்காள், இடையிடையே கம்பி வைத்து அடைத்துவிடலாம் என்றார். தம்பி உடன்படவில்லை. அந்த இடைவெளியில் சிக்கியது அவன் கழுத்து. மைக்கேலேஞ்சலோவைச் சொல்லி அவனிடம் வாதாட எங்களுக்கு வாய் வரவில்லை.

பழம்பொருள் வியாபாரி வந்தார். ஒவ்வொரு காலையும் நகத்தால் கீறிப் பார்த்தார். பதின்மூன்றாவதற்கு வந்ததும் கையை எடுத்துக்கொண்டார். "இது வேற மரம். தலைகீழா வேற நிக்குது. இதை நீங்களே வச்சுக்குங்க." ஒரே வாரத்தில் எவர்சில்வர்க் கிராதி வந்துவிட்டது. குழந்தை அதில் முகம் பார்த்துச் சிரித்தது.

அம்மா மாடிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். முழங்கால் வலி என்றே எண்ணியிருந்தோம். அக்காள்தான் ஒருநாள் கேட்டார். அம்மாவுக்குக் கண்பார்வை மங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன, எங்களிடம் சொல்லவில்லை. பழைய கைப்பிடி தாழ்வானதால், அதை விட்டுவிட்டு ஒவ்வொரு காலின் கழுத்தையும் பற்றிப் பற்றியே ஏறியிருக்கிறார். கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வயிறு தட்டுப்பட்டால் பதின்மூன்றாம் படி. இன்னும் எட்டு. புதிய கம்பிகளில் எல்லாப் படியும் ஒரே மாதிரி.

எங்களில் எவருக்கும் அன்று பேச்சு எழவில்லை. கிராதியின் வரலாறெல்லாம் படித்தோம். இடைவெளியை அங்குலக் கணக்கில் அளந்தோம். அதை நாள்தோறும் தொட்டுக்கொண்டிருந்த கையைக் கேட்கவில்லை.

மறுநாள் தம்பி அந்தப் பூவரசங்காலைக் கொல்லையிலிருந்து எடுத்து வந்தான். பதின்மூன்றாம் படியில், எவர்சில்வர்க் கம்பியோடு சேர்த்து இரண்டு பட்டை போட்டு முறுக்கினான். பார்க்க நன்றாயில்லை. முறுக்குவதற்கு முன் கீழே எட்டிப் பார்த்துக் கேட்டான். "நேராத் திருப்பி வைக்கவாம்மா?"

"நின்ன மாதிரியே நிக்கட்டும்டா" என்றார் அம்மா, முதற்படியில் கால் வைத்தபடி.